பின்னாலிருந்து தள்ளும் இயந்திரம்



மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறோம். பலர் அதில் பயணமும் செய்திருக்கிறோம். ஆயினும் அது எவ்வாறு மலையேறுகிறது என்பதை உற்று நோக்கியவர்கள் சிலரே. சமவெளியில் இயந்திரம் முன்னே நின்று இழுக்கும், பெட்டிகள் பின்தொடரும். குன்னூர் மலைப்பாதையிலோ நீராவி இயந்திரம் கடைசியில் நின்று தள்ளுகிறது. ஓட்டுநரின் கண்களுக்கு முன்னால் இருப்பது பாதை அன்று, பெட்டிகள். வளைவுக்கு அப்பால் பாறை சரிந்து கிடக்கிறதா, யானைக்கூட்டம் தண்டவாளத்தைக் கடக்கிறதா என்பதை அவர் தம் கண்ணால் காண இயலாது. காண்கிறவர் வேறொருவர். முதல் பெட்டியின் முகப்பு மேடையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஏந்தி நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அந்த இரயிலின் கண். அவரிடம் பார்வை உண்டு, ஆற்றல் இல்லை. ஓட்டுநரிடம் ஆற்றல் உண்டு, பார்வை இல்லை. இவர்கள் இருவருக்கும் நடுவிலுள்ள பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். இயந்திரம் எழுப்பும் விசிலே அவர்களுக்குக் கட்டளை. இந்த ஊதலுக்குத் தடையை இறுக்கு, அந்த ஊதலுக்குத் தளர்த்து என்று அவர்களுக்குள் ஒரு மொழி இருக்கிறது.

இயந்திரம் ஏன் பின்னால் நிற்கிறது? 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தான பாதை அது. முன்னே நின்று இழுத்தால், நடுவில் ஓர் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளம் நோக்கி ஓடிவிடும். கீழ்ப்பக்கம் இயந்திரம் நின்றால், பெட்டிகள் அதன்மேல் சாய்ந்து நிற்கும். இறங்கும்போது அதே இயந்திரம் முன்னே போகிறது. பார்ப்பவருக்கு அது இழுத்துச் செல்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது மொத்தச் சுமையையும் தடுத்துத் தாங்கிக்கொண்டே இறங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்குரிய இடம் ஒன்றே: எல்லாருக்கும் கீழே.

அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் பிறரோடு சேர்ந்து உழைப்பவர்கள் நீங்கள். சபைக் கமிட்டிகளிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் பொறுப்பேற்றிருப்பவர்களும் உங்களில் உண்டு. துணிந்து முன்செல்பவர், எல்லாரையும் பேசி அழைத்து வருபவர், அமைதியாய்த் தொடர்ந்து உழைப்பவர், ஒவ்வொரு கணக்கையும் இருமுறை சரிபார்ப்பவர் என வெவ்வேறு இயல்புள்ளவர்களோடு ஒரே மேசையில் அமர்கிறீர்கள். இந்த வாரம் அதைப் பற்றிச் சிந்திக்க நம் மலையின் இரயில் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

நீலகிரிக்கு இரயில் வேண்டும் என்ற திட்டம் 1854-லேயே எழுந்தது. பாதை அமைக்கும் பணி தொடங்கியதோ 1891-ல். இடையில் கடந்த ஆண்டுகளை வீண் காலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே நோக்கத்தை வெவ்வேறு இயல்புள்ளவர்கள் வெவ்வேறு வழியில் அணுகிய காலம் அது.

நிக்லாஸ் ரிகன்பாக் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1871-ல் ரிகி மலையில் பற்சட்ட இரயிலை ஓட்டிக் காட்டியவர். இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணியைப் படுக்க வைத்ததுபோல் ஓர் இரும்புச் சட்டம். இயந்திரத்தின் பற்சக்கரம் அந்த ஏணிப்படிகளைப் பற்றிப் பற்றி மேலேறும். தம் கண்டுபிடிப்பை உலக மலைகள் எல்லாவற்றுக்கும் கொண்டுசெல்ல விரும்பிய அவர் 1882-ல் நீலகிரிக்கே நேரில் வந்தார். மேஜர் மோரண்ட் என்னும் இராணுவப் பொறியாளருக்கோ வேறொரு யோசனை இருந்தது. சரிவின் ஒரு பகுதியில் பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடலாம் என்றார் அவர். அது ஆபத்தானது என்று ஏற்கப்படவில்லை. பிறகு கம்பெனி ஒன்று தோன்றியது, முதலீட்டாளர்கள் முன்வரவில்லை. 1885-ல் புதிய நீலகிரி இரயில்வே கம்பெனி உருவானது. 1891 ஆகஸ்டில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கி வைத்தார். கைதட்டல் எல்லாம் ஓய்ந்தபின், 1894-ல் அந்தக் கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். திட்டம் தவறானதன்று, பொறியியலும் தவறானதன்று. தொடங்குவதற்குரிய ஊக்கம் வேண்டிய அளவுக்கு இருந்தது. முடிப்பதற்குரிய பொருள்தான் இல்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமோ என்று நம் ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் கேட்ட கேள்வியை நீங்கள் அறிவீர்கள். அதில் “உட்கார்ந்து” என்னும் சொல் எனக்கு எப்போதும் சுவையானது. ஓடுகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.

1896-ல் மற்றொரு கம்பெனி பணியைத் தொடர்ந்தது. 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை இரயில் ஓடியது. 1903-ல் அரசு அதை வாங்கிக்கொண்டது. 1908-ல் பாதை உதகையை எட்டியது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டர் வரை ஏறும் 46 கிலோமீட்டர் பாதை அது. வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பாறையைப் பிளந்தவர்களின் பெயர்களையும், கல்லாற்றுக் காட்டின் காய்ச்சலில் வீழ்ந்தவர்களின் பெயர்களையும் எந்தக் கல்வெட்டிலும் நாம் படிப்பதில்லை. ஆளுநரின் பெயரை மட்டும் படிக்கிறோம். முதல் மண்ணை வெட்டியவரை நினைவில் வைத்துக் கடைசிக் கல்லை வைத்தவரை மறப்பது வரலாறு எழுதுவோரின் பழைய வழக்கம். நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களும் இதற்கு விலக்கல்ல.

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். ரிகன்பாக் வந்து சென்றார். ஆயினும் இறுதியில் நீலகிரியில் பதிக்கப்பட்டது அவருடைய ஏணிச் சட்டம் அன்று. அவரிடம் பணியாற்றிய ரோமன் அப்ட் என்பவர் 1882-ல் உரிமம் பெற்ற வேறொரு முறை அது. ஏணிக்குப் பதிலாக, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களை அப்ட் அருகருகே நிறுத்தினார். அவற்றை ஒன்றுபோல் நிறுத்தியிருந்தால் அதில் சிறப்பொன்றும் இல்லை. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மறு சட்டத்தின் பள்ளம் வரும்படி சற்றே விலக்கிப் பொருத்தினார். இயந்திரத்தின் பற்சக்கரங்களும் அப்படியே. ஆகவே ஒரு பல் தன் பிடியைத் தளர்த்தும் வேளையில் மற்றொரு பல் பிடியில் இருக்கிறது. எந்த நொடியிலும் இரயில் பிடியற்று நிற்பதில்லை. ஓட்டத்தில் அதிர்வும் குறைகிறது.

இரண்டும் ஒரே வரிசையில் நின்றால், இரண்டும் ஒரே நொடியில் பிடிக்கும், ஒரே நொடியில் விடும். ஒத்த இயல்புள்ளவர்களை மட்டும் சேர்த்து நாம் அமைக்கும் குழுக்கள் இப்படித்தான் இருக்கின்றன. துணிச்சல் உள்ளவர்கள் மட்டும் கூடினால் எல்லாரும் ஒன்றாய்ப் பாய்கிறார்கள். களைப்பு வரும்போது எல்லாரும் ஒன்றாய்ச் சோர்கிறார்கள். எச்சரிக்கை உள்ளவர்கள் மட்டும் கூடினால் தீர்மானப் புத்தகம் மிக அழகாக இருக்கும். கட்டடத்துக்கு அஸ்திபாரம் இருக்காது.

இதை நம் காலத்து ஆய்வொன்றும் வேறுவிதமாய்க் கண்டது. இங்கிலாந்தில் ஹென்லி நிர்வாகக் கல்லூரிப் பயிற்சிகளில் மெரடித் பெல்பின் என்பவர் பல ஆண்டுகள் குழுக்களைக் கவனித்து 1981-ல் ஒரு நூல் வெளியிட்டார். கூர்மதியில் முதன்மை பெற்றவர்களை மட்டும் ஒன்றுசேர்த்து “அப்பல்லோ” என்று பெயரிட்ட குழுக்கள் எளிதில் வெல்லும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவை பெரும்பாலும் வெல்லவில்லை; கடைசியில் வந்ததும் உண்டு. ஒவ்வொருவரும் மற்றவருடைய வாதத்திலுள்ள ஓட்டையைக் கண்டுபிடிப்பதிலேயே காலத்தைக் கழித்தார்கள்; நடக்க வேண்டிய சாதாரண வேலைகளைச் செய்ய ஆளில்லை. கல்விமான்கள் நிறைந்த சில சபைக் கமிட்டிகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பூட்டாது.

உங்களில் பலர் அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் குணவகைத் தேர்வுகள் எழுதியிருப்பீர்கள். நான்கு எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்து, “நீங்கள் இந்த வகை” என்று சொல்லி அனுப்புகிறார்கள். இந்த எண்ணம் புதியதன்று. கிரேக்க மருத்துவர்கள் உடலின் நான்கு நீர்களைக் கொண்டு மனிதரை நான்காகப் பிரித்தார்கள். நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகச் சொன்னது. “அவன் பித்த உடம்புக்காரன், சட்டென்று கொதிப்பான்” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று நிறுவனங்களில் புழங்கும் டிஸ்க் தேர்வுக்கு மூலமான கருத்தை வில்லியம் மார்ஸ்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1928-ல் எழுதினார். அதைத் தேர்வுத் தாளாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். அதே மார்ஸ்டன்தான் 1941-ல் ‘வொண்டர் உமன்’ என்னும் சித்திரக்கதை வீராங்கனையையும் படைத்தவர் என்பதை நம் வாலிபர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

இத்தேர்வுகளை முற்றிலும் தள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடியாகப் பயன்படுத்தினால் நன்மை உண்டு. முத்திரையாகக் குத்தினால் தீமை. “நான் இப்படித்தான், என் வகை அப்படி” என்று ஒருவர் சொல்லத் தொடங்கும்போது, அங்கே தன்னறிவு நின்று சாக்குப்போக்கு ஆரம்பமாகிறது. கோபத்துக்குத் தலைமைப் பண்பு என்றும், பயத்துக்கு நிதானம் என்றும் பெயர் சூட்டிக்கொள்வது எளிது. பரிசுத்த ஆவியானவர் பேதுருவின் அவசரத்தை அழித்துவிடவில்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவைக்கவும் இல்லை.

மீண்டும் இயந்திரத்துக்கு வருவோம். நம் மலையின் எக்ஸ் வகை நீராவி இயந்திரங்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. அந்நாட்டிலிருந்து கடைசியாக வந்தவை 1952-ல் கட்டப்பட்டன. பின்னர் 2011-ல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே அவ்வகை இயந்திரம் ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். இவ்வியந்திரத்துக்குள் இரண்டு இயக்கங்கள் உண்டு. தண்டவாளத்தின்மேல் உருளும் சாதாரணச் சக்கரங்கள் ஒன்று. நடுச்சட்டத்தைப் பற்றும் பற்சக்கரங்கள் மற்றொன்று. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயர் அழுத்த உருளைகளுக்குள் சென்று சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்து வெளியேறும் நீராவி காற்றில் வீணாவதில்லை. குறைந்த அழுத்த உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒன்று செலவழித்துவிட்ட ஆற்றல் மற்றொன்றின் உணவாகிறது. ஏற்றம் மெல்லிதாகி, பற்சட்டம் இல்லாத பகுதிக்கு வரும்போது பற்சக்கரங்கள் ஓய்கின்றன. சாதாரணச் சக்கரங்கள் மட்டும் போதும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை அவை இன்றி ஓர் அடியும் ஏற முடியாது. வேகத்தைக் கேட்கிறீர்களா? பற்சட்டப் பகுதியில் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். சைக்கிள்காரர் முந்திவிடுவார், சமவெளியில் மட்டும்.

நிறுவனங்களில் சில நேரம் நிகழும் பிழை இங்கே தெளிவாகத் தெரிகிறது. தொழில் தொடங்கும் நாளில் ஏற்றம் அதிகம். பற்றி ஏறும் பிடிவாதக்காரர் வேண்டும். அவரே எல்லாம் என்று எல்லாரும் பழகிவிடுகிறார்கள். சமதளம் வந்தபின்னும் அவர் பற்களைக் கடித்துக்கொண்டே இருக்கிறார். கூட இருப்பவர்கள் தேய்கிறார்கள். வேறு சில இடங்களில் சமதளத்தில் நன்றாய் ஓடிய ஒருவரை ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, அவர் சறுக்குவதைக் கண்டு திறமையற்றவர் என்று முடிவுகட்டுகிறோம். மோசே எகிப்திலிருந்து ஜனத்தை வெளியே கொண்டுவந்தவர். அவருடைய பிடிவாதம் இல்லையென்றால் செங்கடல் வரையிலும்கூட வந்திருக்கமாட்டார்கள். ஆனால் வனாந்தரத்தில் காலை முதல் மாலை வரை தனியே உட்கார்ந்து எல்லா வழக்குகளையும் விசாரித்தபோது அவரும் களைத்தார், ஜனமும் களைத்தது. யாத்திராகமம் 18-ல் அதைக் கண்டு சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. மீதியானிலிருந்து விருந்தினராக வந்தவர். வெளியாள் ஒருவர் ஒரே நாளில் கண்டதை, உள்ளேயிருந்தவர் எவரும் மோசேயிடம் சொன்னதாக வேதம் கூறவில்லை. அவர்கள் காணாமல் இருந்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். முகப்பில் நிற்பவர் சிவப்புக் கொடியைக் காட்டினால் இயந்திரம் நிற்கிறதா?

மலை இரயிலில் நிற்கிறது. பிரேக்ஸ்மேன் பணிவரிசையில் ஓட்டுநருக்குக் கீழ்ப்பட்டவர். ஆயினும் அவருடைய கொடிக்கு ஓட்டுநர் காரணம் கேட்பதில்லை. முதலில் நிறுத்துகிறார், பிறகு கேட்கிறார். “நீ எப்போதும் எதிர்மறையாகவே பேசுகிறாய்” என்று அவரைக் கடிந்துகொள்வதும் இல்லை. நம் வேலைத்தலங்களில் நிலைமை அப்படியா? இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களுடைய பழைய கதையை நம் குடும்பங்களில் பல அறியும். மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை, பிறகு கண்டக்டர், கணக்குப்பிள்ளை, மேஸ்திரி, கங்காணி, எல்லாருக்கும் அடியில் கொழுந்து பறிக்கும் பெண். கங்காணி சமவெளிக் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வந்தார். அந்த முன்பணமே கடனாகி அவர்களைக் கட்டிப்போட்டது. கட்டளை மேலிருந்து கீழே தடையின்றி ஓடியது. கீழிருந்து மேலே ஒரு சொல்லும் ஏற வழியில்லை. செடியில் நோய் வந்ததை முதலில் காண்பவள் பறிக்கிறவள். அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது; காலம் பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் கணினிகள் நிறைந்த குளிரூட்டிய அறைகளிலும் அந்தப் பழைய வரிசை சில வேளைகளில் புது ஆடை உடுத்தி உட்கார்ந்திருப்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். சிவப்புக் கொடி காட்டினால் வேலை போகும் என்று அஞ்சுகிறவரிடம் “நாம் எல்லாரும் ஒரே குழு” என்று சொல்வது ஏளனமாகும். இயல்புகளைச் சமன்படுத்துவதற்கு முன்னே அச்சத்தை அகற்ற வேண்டும்.

தடை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. பிரேக்ஸ்மேன் பயணம் முழுவதும் தடையை இறுக்கிப் பிடித்திருப்பதில்லை. அவர் கையில் பச்சைக் கொடியும் இருக்கிறது. பச்சையை ஒருபோதும் காட்டாதவருடைய சிவப்புக்கு நாளடைவில் மதிப்பு போய்விடும். ஒவ்வொரு புதிய யோசனைக்கும் “முன்பு இப்படிச் செய்ததில்லை” என்று பதில் சொல்லும் மூப்பர்கள் தங்களைக் காவலர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சபையின் வாலிபர்களோ ஒருவர்பின் ஒருவராக இறங்கி வேறு வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

இதே பாதையில் குன்னூருக்கு மேலே கேத்தி என்னும் நிலையம் வருகிறது. இரயில் வருவதற்கு வெகு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் வேறொரு கூட்டுவேலை நடந்தது. ஜார்ஜ் காஸமேஜர் என்னும் ஓய்வுபெற்ற கம்பெனி அதிகாரி, எல்பின்ஸ்டன் பிரபு கட்டியிருந்த கேத்தி மாளிகையை வாங்கிக் குடியேறினார். படகர் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி நடத்தினார். அவருடைய வேண்டுகோளின்படி 1846-ல் பாசல் மிஷன் அங்கே ஊழியத்தைத் தொடங்கியது. 1849-ல் அவர் மரித்தபோது தம் சொத்தின் பெரும்பகுதியை அம்மிஷனுக்கே விட்டுச்சென்றார். ஆட்சிப் பழக்கமும் கணக்கும் நிலமும் அறிந்த மனிதர் அவர். அங்கே ஊழியம் செய்த யோஹான் ஃப்ரீட்ரிக் மெட்ஸ் வேறு வகை. மாளிகைக்குள் இருப்பவர் அல்லர் அவர். படகர், தோதவர், கோத்தர், குறும்பர் வாழ்ந்த ஊர் ஊராக நடந்தவர். மலைமக்களின் பேச்சையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு, அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

படகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-ல்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! காஸமேஜர் அதைக் காணவில்லை. அறிக்கை கேட்கும் எந்த மேலிடத்துக்கும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் வெறுமையாகவே தோன்றியிருக்கும். விரைந்து முடிப்பவர்கள் மட்டுமே அந்தப் பணியில் இருந்திருந்தால், அவர்கள் மூன்றாம் ஆண்டே மலையிறங்கிச் சமவெளிக்குப் போயிருப்பார்கள். நடப்பவர்கள் மட்டும் இருந்திருந்தால், தங்க ஒரு கூரையும் பள்ளிக்கு ஒரு சுவரும் கிடைத்திருக்குமோ, அறியேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு இது புரியும். வாட்டும் தொட்டியில் இலை பல மணி நேரம் கிடக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டுவிட்டு உலர்த்தும் அடுப்பில் ஈடுசெய்ய எந்த டீ மேக்கராலும் ஆகாது. அடுப்பிலோ சில நிமிடம் தாமதித்தாலும் தேயிலை கருகிப்போம். ஒரே இலைக்கு ஓரிடத்தில் பொறுமை வேண்டும், மற்றோரிடத்தில் விரைவு வேண்டும்.

1 கொரிந்தியர் 12-ல் பவுல் சரீரத்தையும் அவயவங்களையும் பற்றி எழுதியதை நாம் திருமண ஆராதனைகளிலும் சபை நாள் விழாக்களிலும் இனிமையாக வாசிக்கிறோம். எழுதியவர் அதை எளிதாகக் கற்றுக்கொண்டவர் அல்லர் என்பதை மறந்துவிடுகிறோம். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். முதல் பயணத்தில் பம்பிலியாவிலே அவர்களை விட்டுத் திரும்பிப்போன மாற்கு என்னும் யோவானை இரண்டாம் பயணத்திலும் அழைத்துச் செல்ல வேண்டும் என்றார் பர்னபா. வேண்டாம் என்றார் பவுல். இருவருக்கும் கடும் வாக்குவாதம் மூண்டது, இருவரும் பிரிந்தார்கள்.

பர்னபா யார்? எருசலேமில் எல்லாரும் சவுலுக்குப் பயந்து விலகியபோது அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் சேர்த்தவர். தர்சுவுக்குத் தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவர். மனிதர் மேல் நம்பிக்கை வைப்பது அவருடைய வரம். அந்த வரத்தால்தான் பவுலே ஊழியத்துக்குள் வந்தார். இப்போது அதே வரத்தை அவர் மாற்குவுக்குக் காட்டியபோது பவுலுக்குப் பொறுக்கவில்லை. பவுலைக் குறை கூறவும் இயலாது. கல்லெறியும் சிறையும் காத்திருந்த பாதையில் பாதி வழியில் திரும்பிப்போகும் ஒருவரை நம்பி எப்படிக் கூட்டிச் செல்வது? வேலை நிறைவேற வேண்டும் என்பதில் ஒருவருடைய கண். ஆள் இழந்துபோகக் கூடாது என்பதில் மற்றவருடைய கண். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வழக்கு ஆண்டுதோறும் வருகிறது. லூக்கா எவர் பக்கமும் தீர்ப்பு எழுதவில்லை. பவுல் சீலாவைத் தெரிந்துகொண்டார். பர்னபா மாற்குவோடு கப்பலேறிச் சீப்புரு தீவுக்குப் போனார். அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் கதை அதோடு முடிகிறது.

மாற்குவின் கதை முடியவில்லை. ஆண்டுகள் கடந்தபின் கொலோசெயருக்கு எழுதும் நிருபத்தில், மாற்கு உங்களிடத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் சொல்கிறார். 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் அவர் கடைசியாகச் சிறையில் இருக்கிறார். குளிர்காலம் நெருங்குகிறது. தேமா விட்டுப்போய்விட்டான், லூக்கா மாத்திரம் கூட இருக்கிறார். துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் வைத்துவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், முக்கியமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். வரும்போது மாற்குவையும் உன்னோடே கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று கேட்கிறார்.